உழைப்பும் காப்பும் – 9: முதலாளி யாரென்று கேட்காத நிதி

பி.பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையில் தொடங்கி, 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் இ.எஸ்.ஐ. நடைமுறைக்கு வந்த வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1955இல் கோவைக்கு வந்து சேர்ந்த அந்தத் திட்டம் ஆலைத் தொழிலாளிக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர், தவறாமல் வரும் சம்பளம், அதில் பிடித்தம் செய்து தன் பங்கையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு முதலாளி ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது இயங்கும். மின்விசை கொண்டு ஓடுகிற, 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தொழிற்சாலை என்று சட்டம் கோடு கிழித்தது. அதே 1952இல் வந்த பி.எஃப். சட்டம் இன்னும் உயரத்தில், ஆறு தொழில்களில் 50 பேர் வேலை செய்யும் ஆலைகளில் தொடங்கியது. 20 பேர் என்று இறங்கியது 1960இல்தான். கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை நாடு வெகுகாலம் கணக்கெடுத்துப் பார்க்கவில்லை. அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம் 2004-05ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு இது: 45.7 கோடி உழைப்பாளர்களில் 42.3 கோடிப் பேர் எந்தச் சமூகக் காப்பும் இல்லாத முறைசாராத் தொழிலாளர்கள். நூற்றுக்கு 92 பேர்.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லப்பட்ட விடை ஒன்றுதான். மூட்டை தூக்குபவருக்கும் வீடு கட்டுபவருக்கும் பீடி சுற்றுபவருக்கும் முதலாளி யார்? காலையில் ஒருவர், மாலையில் வேறொருவர். முதலாளி யாரென்றே தெரியாதபோது அவர் பங்கை யாரிடம் வாங்குவது? ஆகவே இவர்களுக்கு இரண்டே வழிகள்தான், ஒன்று தாமே சிறுகச் சிறுகச் சேமிப்பது, இல்லையென்றால் அரசு தன் கையிலிருந்து ஏதாவது கொடுப்பது என்று வாதம் முடிந்துவிடும். எழுபது ஆண்டுகளாக, கட்சி வேறுபாடில்லாமல், அமைச்சரகங்களும் நிபுணர் குழுக்களும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. இது வரலாற்றுக்குப் பொருந்தாத விடை என்பதே இந்த அத்தியாயத்தில் நான் முன்வைக்கும் கருத்து. இ.எஸ்.ஐ. முதல் காப்பீட்டாளரைப் பதிவு செய்வதற்கு முன்பே இந்தக் கேள்விக்குத் துறைமுகத்தில் விடை கிடைத்துவிட்டது. அந்த விடையின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டோம். இன்றைய தோல்விகளில் பெரும்பாலானவை அந்தக் கைவிடுதலிலிருந்து வந்தவை.

துறைமுகத்தைவிட நிலையில்லாத வேலை ஏதுமில்லை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. வாயிலில் கூடி நிற்கும் கூட்டத்திலிருந்து கங்காணி கைகாட்டும் ஆட்கள் மட்டும் உள்ளே போவார்கள். உலகப் போரின்போது பிரிட்டனுக்குத் துறைமுகங்களில் ஆட்கள் நிச்சயமாகக் கிடைக்க வேண்டியிருந்தது. ஒருகாலத்தில் துறைமுகத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய எர்னஸ்ட் பெவின் அப்போது தொழிலாளர் துறை அமைச்சர். 1941இல் அவர் கொண்டுவந்த ஏற்பாடு 1947இல் நிரந்தரத் திட்டமாயிற்று. அடுத்த ஆண்டே இந்தியாவில் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் துறைமுகத் தொழிலாளர் வாரியங்கள் ஏற்பட்டன. வாரியம் இரண்டு பட்டியல்களை வைத்திருந்தது. ஒன்று தொழிலாளர் பட்டியல், மற்றொன்று ஆள் கேட்கும் கம்பெனிகளின் பட்டியல். ஆள் தேவைப்படும் கம்பெனி வாரியத்திடம் கேட்க வேண்டும். வாரியம் முறைப்படி ஆட்களை அனுப்பும். கூலியோடு, அதன்மேல் ஒரு சதவீதத் தீர்வையையும் கம்பெனி வாரியத்துக்குக் கட்ட வேண்டும். அந்தத் தீர்வையிலிருந்து பி.எஃப்., பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் வந்தன. அவை மட்டுமல்ல, வேலைக்கென்று வந்து நின்றும் கப்பல் இல்லாமல் திரும்பிய நாளுக்குக்கூட ஒரு படி கொடுக்கப்பட்டது. ஒரு தொழிலாளிக்கு ஒரு மாதத்தில் பத்து முதலாளிகள் இருந்திருக்கலாம். பத்துப் பேரின் பங்கும் ஒரே கணக்கில், அவர் பெயரில் விழுந்தது. ஒவ்வொரு கூலியும் தன் காப்புப் பங்கையும் தொழிலாளியின் பெயரையும் சேர்த்தே சுமந்து வந்ததால், நிரந்தர முதலாளி ஒருவர் இல்லை என்ற தடை அங்கே எழவே இல்லை.

இதே ஆண்டுகளில் இன்னொரு தடமும் உருவானது. 1946இல் அப்ரகச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் அப்ரகத்தின் மீது தீர்வை. 1947இல் நிலக்கரிக்கு அதேபோல ஒன்று. முதலாளியைத் தேட வேண்டியதில்லை, பொருள் எந்த வாசல் வழியாக வெளியேறுகிறதோ அங்கே நின்று வாங்கினால் போதும் என்பது இதன் அடிப்படை. இந்த முறை மிக விரிவாகப் பரவியது பீடித் தொழிலில். 1966இல் பீடித் தொழிலாளருக்கு வேலைநிலைமைச் சட்டம், 1976இல் நலத்தீர்வைச் சட்டமும் நலநிதிச் சட்டமும். முதலில் பீடிக்காகக் கிடங்கிலிருந்து வெளியேறும் புகையிலை மீதும், பின்னர் சுற்றி முடித்த பீடி மீதும் தீர்வை விதித்தார்கள். மருந்தகங்கள், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீடு கட்ட மானியம் ஆகியவற்றுக்கு அந்த நிதி போயிற்று. திருநெல்வேலியிலும் தென்காசியிலும் வேலூரிலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிச் சுற்றிய பெண்கள் எந்தத் தொழிற்சாலை வாசலையும் மிதித்ததில்லை. ஆனாலும் அவர்கள் சுற்றிய ஒவ்வொரு ஆயிரம் பீடிக்கும் நிதியில் ஒரு தொகை சேர்ந்தது.

பீடித் தொழிலில் நடந்த ஒரு வழக்கை இங்கே சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. 1977இல் பி.எஃப். சட்டம் பீடித் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. அவர்கள் வாதம் நாம் மேலே பார்த்ததேதான்: வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, அவர்கள் எப்போது வேலை செய்கிறார்கள், வீட்டில் யார் யார் கூடமாட உதவுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, நடுவில் ஒப்பந்தக்காரர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள். 1985இல் வந்த தீர்ப்பு இந்த வாதத்தை ஏற்கவில்லை. இலையும் தூளும் கொடுப்பது யார், சுற்றிக் கொண்டுவந்த பீடியைப் பார்த்து இது சரியில்லை என்று கழிப்பது யார் என்று நீதிமன்றம் பார்த்தது. கழிக்கிற உரிமை இருப்பதே கட்டுப்பாட்டுக்குப் போதிய சான்று; ஆகவே வீட்டிலிருந்து சுற்றுபவரும் கம்பெனியின் தொழிலாளிதான் என்றது. நூறு பீடியில் பத்தைக் கழித்துக் கூலியைக் குறைக்கும்போது கம்பெனிக்கு அந்தப் பெண்ணைத் தெரிந்திருந்தது; பி.எஃப். கட்டச் சொன்னபோது மட்டும் தெரியாமல் போயிற்று. முதலாளி யாரென்று தெரியவில்லை என்ற பேச்சு பல நேரங்களில் உண்மைநிலையை விவரிப்பதில்லை, பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே பயன்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்திய நீதிமன்றப் பதிவுகளில் எனக்குத் தென்பட்டதில்லை.

துறைமுக முறையை ஊருக்குள் கொண்டுவந்தது மகாராஷ்டிரம். பம்பாய்ச் சந்தைகளில் முதுகிலும் தலையிலும் மூட்டை சுமந்த மாத்தாடித் தொழிலாளர்களை அண்ணாசாகேப் பாட்டீல் திரட்டினார். 1969இல் அவர்களுக்கென்று சட்டம் வந்தது. மளிகைச் சந்தைக்கு ஒரு வாரியம், பருத்திச் சந்தைக்கு ஒரு வாரியம் என்று தொழில்வாரியாக, தொழிலாளர், வியாபாரி, அரசு ஆகிய முத்தரப்பும் சேர்ந்த அமைப்புகள் உருவாயின. வியாபாரி கூலியைத் தொழிலாளியின் கையில் கொடுக்கக்கூடாது. மூட்டைக் கணக்குப்படி உள்ள கூலியையும் அதற்குமேல் தீர்வையையும் வாரியத்தில் கட்ட வேண்டும். தொழிலாளிக்கு மாதச் சம்பளம்போல வாரியத்திலிருந்து பணம் வரும், பி.எஃப்., பணிக்கொடை, போனஸ், மருத்துவம் எல்லாம் அந்தத் தீர்வைக்குள் அடங்கும். தமிழ்நாட்டு மண்டிகளிலும் கிட்டங்கிகளிலும் இதே சுமையைத் தூக்குகிறவருக்கு வயதான காலத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் மதிப்பு புரியும். இது நடந்தது முறைசார்ந்த தொழிலில் அல்ல. படிப்பறிவு குறைந்த, கிராமத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த, மூட்டைக்கு இத்தனை பைசா என்று கூலி வாங்கிய மனிதர்களிடையே.

தமிழ்நாடு 1982இல் உடல் உழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தை நிறைவேற்றியபோது மாத்தாடிச் சட்டம் கண்முன் இருந்தது. வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்துவது, வேலைநிலைமைகளை வகுப்பது என்ற இரண்டையும் அந்தச் சட்டத்தின் பெயரே தாங்கியிருக்கிறது. கீதா ராமகிருஷ்ணன் போன்றவர்கள் 1970களின் இறுதியிலிருந்து கட்டடத் தொழிலாளரைத் திரட்டி வந்தார்கள். 1985இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் கட்டடத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கோரும் தேசியப் பிரசாரக் குழு அமைந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத்துக்கு மனு போயிற்று. அவர்கள் கேட்டது எது என்பது முக்கியம். உதவித்தொகை கொடுக்கும் அலுவலகம் ஒன்றை அவர்கள் கேட்கவில்லை. துறைமுகத்திலும் பம்பாய்ச் சந்தையிலும் இருந்ததைப்போல, தொழிலாளரையும் கட்டுமான முதலாளிகளையும் பதிவுசெய்து, வேலையையும் கூலியையும் தன் வழியாக நடத்தும் முத்தரப்பு வாரியம் வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் 1994இல் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. கட்டட வரைபட அனுமதி வாங்கும்போதே மதிப்பீட்டில் 0.3 சதவீதம் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். பிற்காலத்தில் அது 1 சதவீதமாயிற்று. 1996 ஆகஸ்டில் மத்தியச் சட்டமும் வந்தது: கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை தீர்வை. நிதிப் பகுதியில் போராட்டம் வென்றது. வேலைப் பகுதியில் தோற்றது. கட்டடத்திலிருந்து பணம் வாங்க ஏற்பாடு இருந்தது. அந்தக் கட்டடத்தில் எந்தக் கொத்தனார், எந்தச் சித்தாள், எத்தனை நாள் வேலை செய்தார் என்பதை எழுதி வைக்க ஏற்பாடு இல்லை.

விளைவு என்ன? பணம் நகராட்சி அலுவலகத்தில் கட்டப்பட்டு ஒரு பாதையில் போகிறது. தொழிலாளி வேறொரு பாதையில் வந்து, தான் தொழிலாளிதான் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கடந்த 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். அதை மேஸ்திரி கொடுப்பாரா? ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறவருக்கு எந்த ஊர் அதிகாரி கையெழுத்திடுவார்? அதோடு, தொழிலாளி கட்ட வேண்டிய சிறு சந்தா ஓராண்டுக்குத் தொடர்ந்து விட்டுப்போனால் பயனாளி என்ற தகுதியே போய்விடும் என்று 1996 சட்டத்தின் 17ஆவது பிரிவு சொன்னது. நிதியின் பெரும்பகுதி கட்டடத் தீர்வையிலிருந்து வருகிறது. அப்படியிருக்க, ஒரு சிறு தொகையைக் கட்ட மறந்ததற்காக, தன் உழைப்பால் எழுந்த கட்டடத்திலிருந்து வந்த நிதியில் தொழிலாளிக்கு உரிமை இல்லாமல் போனது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைக் கணக்காகக் காட்டியது. 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருந்தது. செலவிட்டது ஏறக்குறைய 9,500 கோடி. அந்தச் செலவிலும் லேப்டாப், வாஷிங் மெஷின் என்றெல்லாம் வாங்கியது நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்து, நெடுஞ்சாலைகளில் தொழிலாளர்கள் நடக்கத் தொடங்கிய அந்த நாட்களில், இந்த நிதியில் சுமார் 52,000 கோடி ரூபாய் இருக்கிறது, பதிவானவர்கள் சுமார் 3.5 கோடி என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகமே சொன்னது. நடந்தவர்களில் பதிவில்லாதவர்களுக்கும், வேறு மாநிலத்தில் பதிவிருந்தவர்களுக்கும் அந்த 52,000 கோடி எதற்கும் உதவவில்லை.

பணம் இல்லை என்பதோ முதலாளியைக் காணோம் என்பதோ இங்கே காரணமாக இருக்க முடியாது. வரவையும் ஆளையும் இணைக்கும் பதிவு இல்லை என்பதே காரணம். ஆனால் அரசுகள் இதிலிருந்து வேறொரு பாடத்தைப் படித்தன. சென்குப்தா ஆணையம் 2006இல், நாளொன்றுக்குத் தொழிலாளி 1 ரூபாய், முதலாளி 1 ரூபாய், அரசு 1 ரூபாய் என்று எளிய திட்டம் ஒன்றை முன்வைத்தது. முதலாளியை அடையாளம் காண முடியாத இடத்தில் அவர் பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றது. 2008இல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த நிதி ஏற்பாடு காணாமல் போனது. ஏற்கெனவே இருந்த திட்டங்களின் பட்டியல்தான் மிஞ்சியது. அதன்பின் காற்று முழுக்கச் சேமிப்பின் பக்கம் திரும்பியது. 2019இல் தொடங்கிய பிரதமர் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில், 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாயும் 40 வயதில் சேர்ந்தால் 200 ரூபாயும் தொழிலாளி கட்ட வேண்டும். அதே அளவு அரசு கட்டும். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய். சேர்ந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் பெயர் கொடுத்தவர்களோ 30 கோடியைத் தாண்டிவிட்டார்கள். தொழிலாளர்கள் முன்வருவதில்லை என்று இதைப் பார்த்தபின் யாரும் சொல்ல முடியாது. பெயர் கொடு என்றபோது 30 கோடிப் பேர் வந்தார்கள். மாதாமாதம் கட்டு, இருபது முப்பது ஆண்டு காத்திரு என்றபோது வரவில்லை. மழைக்காலத்தில் வேலையே இல்லாதவருக்கு மாதத் தவணை என்ற கணக்கு பொருந்துவதில்லை.

அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 7 கோடிக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வங்கிகள் இலக்கு வைத்துச் சேர்த்ததால் எண்ணிக்கை வளர்ந்தது உண்மை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தேர்ந்தெடுத்தது மாதம் 1,000 ரூபாய் என்ற கடைசிப் படியை. விலைவாசிக்கேற்ப உயராத 1,000 ரூபாய், சேர்ந்தவர் 60 வயதை எட்டும்போது எத்தனை நாள் அரிசிக்குக் காணும்? தன் கையிலிருந்து மட்டும் கட்டும் ஏழை, தன்னால் முடிந்த மிகக் குறைந்த காப்பைத்தான் வாங்குவார். வேலை வாங்கியவரின் பங்கு அதில் சேரவே இல்லை என்பதுதான் அதன் அடிப்படைக் குறை.

இதைவிட வலுவான மறுப்பு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. தீர்வை, வாரியம், பதிவு என்ற சிக்கலெல்லாம் எதற்கு, வரிப் பணத்திலிருந்து எல்லா முதியோருக்கும் ஓய்வூதியம் கொடுத்துவிடலாமே என்பார்கள். கொடுக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அது மட்டும் போதும் என்ற நம்பிக்கையை வரலாறு ஆதரிக்கவில்லை. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு 1995இல் மாதம் 75 ரூபாய். 2006இல் 200 ரூபாய். 80 வயதுக்குக் கீழுள்ளவருக்கு இன்றும் அதே 200 ரூபாய்தான். தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தம் பணத்தைச் சேர்த்து உயர்த்தித் தருகின்றன. டில்லியின் பங்கு அசையவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் மன்றாட வேண்டிய தொகையின் கதி இது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் என்ற தீர்வையோ சிமெண்டும் கம்பியும் விலை ஏறும்போது தானாகவே ஏறும். அதைவிட முக்கியம், அது உரிமையாக வருகிறது. நான் கட்டிய வீட்டிலிருந்து வந்த என் பங்கு என்று கேட்பதற்கும் அரசு தரும் உதவி என்று வரிசையில் நிற்பதற்கும் உள்ள தூரத்தை, அந்த வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

வாரிய முறையில் கெடுபிடியும் கொள்ளையும் நுழைந்தன என்ற குற்றச்சாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. கேரளத்தில் சுமை தூக்காமலே பார்த்து நின்றதற்குக் கூலி கேட்கும் நோக்குக்கூலி வழக்கம் அவ்வளவு வளர்ந்து, 2018 மே 1 முதல் அதைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. மகாராஷ்டிரத்தில் மாத்தாடிகள் என்று சொல்லிக்கொண்டு பணம் பறிக்கும் கும்பல்கள் பற்றி வியாபாரிகள் சொன்ன புகார்களும் பொய்யல்ல. பிரிட்டன் தன் துறைமுகத் திட்டத்தை 1989இல் முடித்தே விட்டது. கண்டெய்னர்கள் வந்தபின் அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. ஆனால் இந்தக் கேடுகள் எதிலிருந்து வந்தன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவான ஆள் மட்டும்தான் சுமையைத் தொடலாம் என்ற ஏகபோகத்திலிருந்து வந்தவை அவை. யார் வேலை செய்தாலும் கூலியோடு தீர்வையைக் கட்டு, ஆளின் பெயரை எழுது என்ற ஏற்பாட்டுக்கு அந்த ஏகபோகம் தேவையில்லை. 1940களில் ஆட்களைத் தேடிப் பதிவு செய்ய வேறு வழி இல்லாததால் இரண்டும் ஒன்றாகப் பிணைந்திருந்தன. தீர்வை கடைசியில் வீடு வாங்குபவர் தலையில்தான் விழும் என்ற மறுப்புக்கு என் விடை சுருக்கமானது: விழட்டும். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு 30,000 ரூபாய். ஆலைத் துணியின் விலையில் ஆலைத் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. பங்கு அடங்கியிருப்பதை யாரும் அநீதி என்றதில்லை.

தொழிலுக்கொரு வாரியம் என்ற அமைப்பில் தீராத குறை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதம் கட்டட வேலை, அறுவடையில் வயல் வேலை, இடையில் கல்யாண மண்டபத்தில் சமையல் உதவி என்று பிழைப்பவர் எந்த வாரியத்தில் பதிவாவார்? இதற்கு ஆளுக்கு ஒரே கணக்கு, தொழில் எதுவானாலும் பங்கு அதில் விழ வேண்டும் என்பதுதான் தீர்வு. இ-ஷ்ரம் எண் அந்தக் கணக்காக ஆகியிருக்கலாம். இதுவரை அது பெயர்ப் பட்டியலாகவே நிற்கிறது; அதற்குள் எந்த முதலாளியின் பணமும் விழுவதில்லை.

அதற்கிடையில் இருந்த தீர்வைகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடி நலத்தீர்வை ரத்தாயிற்று. நலநிதியின் செலவுகள் பட்ஜெட் ஒதுக்கீட்டை எதிர்பார்க்கும் நிலைக்குப் போயின. மறுபக்கம், உணவு கொண்டுவருபவரும் வாடகைக் கார் ஓட்டுபவரும் பழைய கேள்வியைப் புதிதாக எழுப்பினார்கள். செயலி நடத்தும் கம்பெனிகள் சொன்னது பீடிக் கம்பெனிகள் சொன்னதேதான்: இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, கூட்டாளிகள். ராஜஸ்தான் 2023இல் நாட்டிலேயே முதலாவதாக இவர்களுக்குச் சட்டம் இயற்றி, ஒவ்வொரு பரிவர்த்தனையின் மீதும் நலக்கட்டணம் வைத்தது. கர்நாடகத்தின் 2025 சட்டம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் என்கிறது. இங்கே துறைமுக வாரியத்தின் இரண்டு பாதிகளும் மறுபடி ஒன்றுசேர வாய்ப்பிருக்கிறது. யார், எந்த நேரத்தில், எவ்வளவுக்கு வேலை செய்தார் என்பது செயலியில் ஏற்கெனவே பதிவாகிறது. பங்கை அந்தப் பெயரோடு அனுப்பினால் போதும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வேறு வழியில் போகிறது. கம்பெனியின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம், ஆனால் தொழிலாளருக்குக் கொடுத்த தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். மொத்தமாக வரும் அந்தப் பணத்தில் யாருடைய பெயரும் இருக்காது. தொழிலாளி மறுபடியும் தனியாக வந்து, இத்தனை நாள் வேலை செய்தேன் என்று நிரூபித்து, பதிவைப் புதுப்பித்துக் கேட்க வேண்டும். 1996இல் கட்டடத் தொழிலாளர்கள் எந்த இடத்தில் தோற்றார்களோ அதே இடம் இது. இம்முறை பதிவு கம்பெனிகளின் கணினியில் தயாராகவே இருக்கிறது. அதைத் தொழிலாளியின் கணக்கோடு இணைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஒரு சட்டப்பிரிவு போதும்.